கால்பந்து அரங்கில் உண்மையில் எத்தனை பேர்? பார்வையாளர் எண்ணிக்கை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டத்தின் நடுவே அறிவிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கை எதைக் குறிக்கிறது?

ஒரே ஆட்டத்துக்கு மூன்று வேறு எண்கள் இருக்கக்கூடும். விற்கப்பட்ட டிக்கெட்டுகள் ஒன்று. ஒரு பருவம் முழுவதற்கும் சேர்த்து வாங்கும் சீசன் டிக்கெட்டுகளும் இதில் அடங்கும். இலவசமாகக் கொடுக்கப்பட்டவற்றையும் சேர்த்து, வழங்கப்பட்ட மொத்த டிக்கெட்டுகள் இன்னொன்று. வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர்களின் தலைக்கணக்கு மூன்றாவது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களில் இரண்டாம் பாதியின்போது ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டு, மறுநாள் நாளிதழில் ஆட்டக் குறிப்பின் அடியில் அச்சாகும் எண் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாகவே இருக்கும்; தலைக்கணக்காக இருப்பது அரிது.

அந்த எண்ணைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. "எத்தனை பேர் வந்தார்கள்?" என்று ரசிகர் கேட்க, "எத்தனை இடங்கள் விற்றன?" என்ற கேள்விக்குரிய விடையைக் கிளப் தருகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் வரும் ஏறக்குறைய எல்லா விடைகளும், எண்ணியவர் யார், எதற்காக எண்ணினார், எண்ணிக்கை கூடுவதாலோ குறைவதாலோ அவருக்கு என்ன ஆதாயம் என்பதையே சுற்றி வருகின்றன.

விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் கிளப்புகள் விரும்புவது ஏன்?

கணக்குப் புத்தகத்துக்கு அதுவே பொருத்தமானது என்பது முதல் காரணம். பணம் வந்துவிட்டது, வாங்கியவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாலும் கிளப்பின் வருவாயில் மாற்றமில்லை. இரண்டாவது காரணத்தைக் கிளப்புகள் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்றாலும் ஊகிப்பது கடினமன்று. விளம்பரதாரர்களிடமும் ஒளிபரப்பு நிறுவனங்களிடமும் பேசும்போது நிரம்பிய அரங்கம் ஒரு பேரச் சரக்கு. ஐயாயிரம் இருக்கைகள் காலியாகக் கிடந்தன என்று ஒலிபெருக்கியில் தாமே அறிவிக்க எந்த நிர்வாகமும் முன்வராது.

லண்டனின் ஆர்சனல் கிளப் விற்ற டிக்கெட்டுகளின் அடிப்படையிலேயே எண்ணிக்கையை அறிவிப்பது நெடுங்கால வழக்கம். குளிர்கால இரவில், முக்கியத்துவம் குறைந்த ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் ஒன்றில் எமிரேட்ஸ் அரங்கின் சிவப்பு நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகத் தெரிய, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட எண் அறிவிக்கப்படும்போது அரங்கில் இருப்பவர்களே சிரித்துவிடுவதுண்டு. சீசன் டிக்கெட்டுக்குள் அந்த ஆட்டமும் அடங்கியிருந்தது என்பதே அதன் விளக்கம்.

உள்ளே வந்தவர்களின் சரியான எண்ணிக்கை கிளப்புக்குத் தெரியுமா?

நன்றாகவே தெரியும். இன்றைய பெரிய அரங்குகளில் ஒவ்வொரு ரசிகரும் பார்கோடு அச்சிட்ட தாளையோ, அட்டையையோ, கைப்பேசியையோ கருவியில் காட்டித்தான் சுழல்வாயிலைக் கடக்கிறார். ஒவ்வொரு கடப்பும் அந்த நொடியே கட்டுப்பாட்டு அறையின் திரையில் பதிவாகிறது. எந்த வாயிலில் எத்தனை பேர், எந்தப் பகுதி எத்தனை விழுக்காடு நிரம்பியது, கடைசிப் பத்து நிமிடங்களில் எவ்வளவு கூட்டம் வந்தது என்பவையெல்லாம் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த எண் காவல்துறைக்கும் உள்ளாட்சிக்கும் போகிறது. ரசிகருக்கு வருவது வேறு எண்.

இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு இருக்கும்?

ஆட்டத்தைப் பொறுத்தது. உள்ளூர்ப் போட்டி அணியுடனான ஆட்டத்தில் வேறுபாடு சிறிதாக இருக்கும். வார நடுவில், மழை இரவில், தொலைக்காட்சிக்காக நேரம் மாற்றப்பட்ட ஆட்டத்தில் அது பெரிதாகும்.

அதிகம் பேசப்பட்டது வெஸ்ட் ஹாம் யுனைடெட் கிளப்பின் கணக்கு. 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட லண்டன் ஸ்டேடியத்துக்கு அந்தக் கிளப் 2016இல் குடிபெயர்ந்தது. 2017–18 பருவத்தில் அது அறிவித்த சராசரி ஏறத்தாழ 55,300. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பொது அமைப்புகளிடம் பெற்ற விவரங்களைக் கொண்டு 2018இல் பிபிசி வெளியிட்ட சராசரியோ ஏறத்தாழ 42,800. அதாவது ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரியாகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கு உரியவர்கள் வரவில்லை. வெஸ்ட் ஹாம் மட்டும் இப்படிச் செய்தது என்று இதைப் படிக்கக் கூடாது. வேறு பல கிளப்புகளின் எண்களிலும் இடைவெளி இருந்தது. இங்கே அது பெரிதாக இருந்ததால் கண்ணில் பட்டது.

விவரம் வெளிவந்த வழியையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் தகவல் அறியும் சட்டம் காவல்துறை, உள்ளாட்சி மன்றம் போன்ற பொது அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்தும்; தனியார் நிறுவனமான கிளப்பிடம் அதைக் காட்டிக் கேட்க முடியாது. பாதுகாப்புக்காக எண்ணப்பட்ட எண் பொது அமைப்பின் கோப்பிலும் இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வராமல் தன் இடத்தை வேறொருவருக்கு விற்றால் இரண்டு முறை எண்ணப்படுமா?

பொதுவாக இல்லை, ஓர் இருக்கை, ஓர் எண்ணிக்கை. இருக்கையைத் திரும்பக் கொடுத்து, கிளப்பின் வழியாகவே மறுவிற்பனை செய்யும் ஏற்பாடு இன்று பல கிளப்புகளில் இருக்கிறது. பார்சிலோனா கிளப்பில், வர இயலாத உறுப்பினர் தன் இருக்கையை விடுவித்தால் கிளப் அதை விற்று வருவாயில் ஒரு பங்கை அவருக்குத் தரும். காலி இருக்கைகளால் எரிச்சலுற்ற சில கிளப்புகள், ஒரு பருவத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவான ஆட்டங்களுக்கு வருவோரின் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்ற விதியையும் கொண்டுவந்துள்ளன. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் ஊர்களில் இந்த விதி நியாயமானது என்றே கருதுகிறேன்.

கணினி வருவதற்கு முன் எப்படி எண்ணினார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் அரங்குகளுக்கு இரும்புச் சுழல்வாயில்கள் வந்தன. சால்ஃபோர்டில் இருந்த எலிசன் நிறுவனம் தயாரித்தவை நாடெங்கும் பரவின. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய குறுகிய செங்கல் சந்து; அதன் நடுவே சுழலும் இரும்புக் கை; பக்கத்தில் சிறு கூண்டுக்குள் காசு வாங்கும் ஆள்; அவர் காலால் மிதித்தால் கை ஒரு சுற்றுச் சுழலும், எண்காட்டி ஒன்று கூடும். ஆட்டம் தொடங்கிய பிறகு ஒவ்வொரு வாயிலின் எண்காட்டியையும் குறித்து, ஆட்டத்துக்கு முந்தைய எண்ணைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் கிடைக்கும்.

ஏற்பாடு நல்லதுதான். அதை ஏமாற்றும் வழிகளை இரு தரப்பும் விரைவில் கண்டுபிடித்தன. காசு வாங்குபவர் தன் கைக்கு ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, ஒரே சுற்றில் இருவரை நெருக்கி உள்ளே விடுவார். தந்தையர் மகன்களைத் தூக்கிச் சுழல்வாயிலுக்கு மேலே கடத்துவார்கள். பல ஊர்களில் இதைக் குற்றமாகவே யாரும் கருதவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் பல கிளப்புகள் பெண்களைக் கட்டணமின்றி அனுமதித்ததால் அவர்களும் கணக்கில் வரவில்லை. ஆகவே அக்கால எண்களில் ஓர் ஐந்நூறு கூடக் குறைய இருக்கும் என்று வைத்துக்கொண்டு படிப்பதே முறை.

இன்னும் பழைய ஆட்டங்களுக்கு, பத்திரிகையாளர் கண்ணால் பார்த்துச் சொன்ன எண்ணே இருக்கிறது. 10,000, 15,000, 20,000 என்று முழு எண்களாக வரிசையாக வந்தால் அது மதிப்பீடு என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதிகாரபூர்வமான எண் கிடைப்பது 1925–26 பருவத்திலிருந்துதான்.

அக்காலத்தில் கிளப்புகள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியதாகச் சொல்வது சரியா?

ஒவ்வொரு கிளப்பும் செய்தது என்று யாரும் நிறுவிவிட முடியாது. செய்வதற்குத் தூண்டுதல் இருந்தது என்பது உறுதி. 1916இல் முதல் உலகப் போரின் செலவுக்காகப் பிரிட்டன் கேளிக்கை வரியை விதித்தது. விற்ற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அரசுக்குப் பங்கு போனது. அதோடு, லீக் ஆட்டங்களின் நிகர வாயில் வசூலில் ஐந்தில் ஒரு பங்கை வெளியூரிலிருந்து வந்து ஆடும் அணிக்குக் கொடுக்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்து, 1983இல்தான் கைவிடப்பட்டது. ஆயிரம் பேரை மறைத்தால் வரியும் மிச்சம், பங்கும் மிச்சம். வந்திருந்த அணியின் இயக்குநர்கள் நிரம்பி வழியும் பார்வையாளர் மேடைகளைப் பார்த்துவிட்டு, பிறகு அறிவிக்கப்பட்ட எண்ணைக் கேட்டுப் புருவத்தை உயர்த்திய கதைகள் இங்கிலாந்தின் பழைய கிளப்புகள் பலவற்றில் வழங்குகின்றன.

இன்று நிலைமை தலைகீழ். பிரீமியர் லீக்கின் மொத்த வருவாயில் ஆட்ட நாள் வசூல் அண்மைப் பருவங்களில் சுமார் ஏழில் ஒரு பங்குதான். பெரும்பகுதி ஒளிபரப்பிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வருகிறது. பங்கு கேட்க யாருமில்லை, நிரம்பிய தோற்றத்துக்கு விலை இருக்கிறது. அன்று கீழ்நோக்கிச் சாய்ந்த எண் இன்று மேல்நோக்கிச் சாய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு லீக் ஆட்டத்தை வெறும் 13 பேர் பார்த்தார்கள் என்பது உண்மையா?

13 பேர் காசு கொடுத்தார்கள் என்பது உண்மை. 1921 மே 7 அன்று ஸ்டாக்போர்ட் கவுன்டி அணி லெஸ்டர் சிட்டியை எதிர்த்து இரண்டாம் பிரிவு ஆட்டத்தை ஆடியது. ரசிகர்களின் ஒழுங்கீனத்துக்குத் தண்டனையாக ஸ்டாக்போர்ட்டின் சொந்தத் திடல் மூடப்பட்டிருந்ததால், ஆட்டம் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது. அதே நாள் அதே திடலில் சற்று முன்புதான் யுனைடெட்டுக்கும் டார்பி கவுன்டிக்கும் ஆட்டம் முடிந்திருந்தது. அதைப் பார்க்க வந்தவர்களில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் பேர் வரை வெளியேறாமல் அப்படியே உட்கார்ந்து இரண்டாவது ஆட்டத்தையும் பார்த்தார்கள் என்பது மதிப்பீடு. இரண்டாவது ஆட்டத்துக்கென்று வாயிலில் புதிதாகப் பணம் கட்டியவர்கள் மட்டும் 13 பேர். சாதனைப் பட்டியலில் ஏறியது அந்த 13தான். வாயில் கணக்கும் தலைக்கணக்கும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

வெம்பிளியில் 1923இல் எத்தனை பேர் இருந்தார்கள்?

அதிகாரபூர்வமான எண் 1,26,047. போல்டன் வாண்டரர்ஸ் 2–0 என்ற கணக்கில் வெஸ்ட் ஹாமை வென்ற அந்த எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டி) இறுதி ஆட்டம், லண்டனின் வெம்பிளி அரங்கில் நடந்த முதல் இறுதி ஆட்டம். எல்லா இடங்களுக்கும் முன்கூட்டியே டிக்கெட் விற்கும் முறை அப்போது இல்லை. வாயிலில் காசு கொடுத்தும் நுழையலாம். வாயில்கள் மூடப்பட்ட பிறகும் கூட்டம் சுவர்களையும் சுழல்வாயில்களையும் ஏறிக் குதித்து உள்ளே பாய்ந்தது. ஆடுகளமே மக்களால் மூடப்பட்டு, ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பில்லி என்ற வெளிர்நிறக் குதிரையில் வந்த காவலர் ஜார்ஜ் ஸ்கோரி கூட்டத்தை எல்லைக்கோடு வரை பின்தள்ளும் படம்தான் அந்த ஆட்டத்துக்கு 'வெள்ளைக் குதிரை இறுதி ஆட்டம்' என்ற பெயரைத் தந்தது.

உள்ளே இருந்தோர் இரண்டு லட்சம் என்றும், அதற்கும் மிகுதி என்றும் மதிப்பீடுகள் உண்டு. 1,26,047 என்பது சுழல்வாயில் எண்ணியவர்கள். சுவரேறியவர்களை எந்த எண்காட்டியும் எண்ணவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து இறுதி ஆட்டத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டார்கள்.

எண்ணிக்கை தவறினால் என்ன? அது ஒரு புள்ளிவிவரம்தானே?

கிளப்பின் விளம்பரத்துக்கு அது புள்ளிவிவரம். மேடையில் நிற்பவருக்கு அது உயிர் சம்பந்தப்பட்டது.

1946 மார்ச் 9 அன்று போல்டனின் பர்ண்டன் பார்க் திடலில், ஸ்டோக் சிட்டியுடனான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தின்போது நெரிசலில் 33 பேர் இறந்தார்கள். அதிகாரபூர்வமான எண் 65,419. உண்மையில் 85,000க்கு மேல் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. சுழல்வாயில்கள் மூடப்பட்ட பிறகு பலர் ரயில் பாதைப் பக்கமிருந்து ஏறி வந்தார்கள். நெரிசலுக்கு அஞ்சித் தன் சிறு மகனுடன் வெளியேற விரும்பிய ஒருவர் பூட்டியிருந்த வாயிலைத் திறந்துகொண்டு போக, அதன் வழியே மேலும் கூட்டம் புகுந்தது. மோல்வின் ஹியூஸ் தலைமையில் நடந்த விசாரணை, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்று முறையாகக் கணக்கிட வேண்டும், உள்ளே வருவோரை இயந்திரம் மூலம் எண்ணி ஓரிடத்தில் தொகுக்க வேண்டும், திடல்களுக்கு உரிமம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. உரிமச் சட்டம் வருவதற்கு 1975 ஆயிற்று. அதற்குள் 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் 66 பேர் இறந்துவிட்டார்கள்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில், லிவர்பூல் – நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அரையிறுதி ஆட்டத்தில் நடந்தது இன்னும் கசப்பானது, ஏனென்றால் அங்கே எண்ணும் இயந்திரம் இருந்தது. லெப்பிங்ஸ் லேன் பக்கத்து நிற்கும் மேடைக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 10,100 பேர்; அவர்கள் அனைவருக்கும் ஏழு சுழல்வாயில்கள். மின்னணு எண்காட்டி அந்த ஏழின் கூட்டுத்தொகையைக் கட்டுப்பாட்டு அறையில் காட்டியது. மேடையோ இரும்பு வேலிகளால் பல கூண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கூண்டிலும் எத்தனை பேர் என்பதை அது காட்டவில்லை. வெளியே நெரிசல் மிகவே, காவல்துறை சி வாயிலைத் திறந்துவிட்டது. சுமார் இரண்டாயிரம் பேர் எண்ணப்படாமல் உள்ளே வந்து, எதிரே தெரிந்த சுரங்க வழியில் நேராக நடந்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குள் சென்றார்கள். பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தது. 97 பேர் இறந்தார்கள்.

டிக்கெட் இல்லாத ரசிகர்கள் பெருந்திரளாக வந்ததே காரணம் என்று உடனே பழி சுமத்தப்பட்டது. அதை உடைத்தவற்றில் இந்த எண்ணிக்கையும் ஒன்று. சுழல்வாயில் பதிவுகளையும் ஒளிப்படக் காட்சிகளையும் கொண்டு பாதுகாப்பு வல்லுநர்கள் கணக்கிட்டபோது, அந்த மேடைப் பகுதிக்குள் நுழைந்தோரின் மிக உயர்ந்த மதிப்பீடே 10,124ஆக இருந்தது. அனுமதிக்கப்பட்ட 10,100க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 24. மொத்தம் மிகவில்லை; அது பரவிய விதமே கொன்றது. 2016இல் புதிய மரண விசாரணையின் நடுவர் குழுவும் ரசிகர்கள் மீது தவறில்லை என்று தீர்ப்பளித்தது. எண்ணிக்கையைச் சலிப்பான விஷயமாக நினைப்பவர்கள் இந்த 24 என்ற எண்ணை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஓர் அரங்கின் கொள்ளளவை யார் தீர்மானிக்கிறார்கள்?

பிரிட்டனில் உள்ளாட்சி தரும் பாதுகாப்புச் சான்றிதழ் தீர்மானிக்கிறது. ஐப்ராக்ஸ் நிகழ்வுக்குப் பிறகு 1973இல் முதலில் வெளியாகி, பச்சை வழிகாட்டி என்று எல்லோரும் அழைக்கும் அரசு வெளியீடு அதற்கான கணக்கு முறையைத் தருகிறது. எத்தனை பேர் உட்காரலாம் அல்லது நிற்கலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வர முடியும், ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேர் வெளியேற முடியும், தீப்பிடித்தால் எத்தனை பேர் தப்ப முடியும் என்று தனித்தனியே கணக்கிட்டு, அவற்றில் எது மிகச் சிறியதோ அதுவே கொள்ளளவு. ஒரு சுழல்வாயிலில் மணிக்கு 660 பேருக்கு மேல் கடப்பதாகக் கணக்கிடக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆகவே இருக்கைகள் அறுபதாயிரம் இருந்தாலும் வாயில்கள் போதாவிட்டால் அறுபதாயிரம் டிக்கெட்டுகளை விற்க முடியாது.

ஒரே அரங்குக்குப் போட்டியைப் பொறுத்து வெவ்வேறு கொள்ளளவும் உண்டு. ஜெர்மனியின் போருசியா டார்ட்மண்ட் அரங்கில் லீக் ஆட்டத்தை 81,365 பேர் பார்க்கலாம். அவர்களில் ஏறத்தாழ 25,000 பேர் தெற்கு மேடையில் நின்று பார்ப்பவர்கள். நின்று பார்ப்பதை ஐரோப்பியப் போட்டிகளில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா 2022 வரை அனுமதிக்காததால், அந்த ஆட்டங்களுக்கு மேடையில் நாற்காலிகளைப் பொருத்த, கொள்ளளவு சுமார் 66,000ஆகச் சுருங்கியது. அந்த ஆண்டுகளின் சராசரியை ஒப்பிடுபவர்கள் இதை மறந்தால், ஐரோப்பியக் கோப்பையில் டார்ட்மண்ட் ரசிகர்களுக்கு ஆர்வம் குறைவு என்ற அபத்தமான முடிவுக்கு வருவார்கள்.

அறிவிக்கப்படும் எண் கொள்ளளவைவிட அதிகமாக இருக்க முடியுமா?

2022 கத்தார் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே அது நடந்தது. 60,000 என்று கொள்ளளவு வெளியிடப்பட்டிருந்த அல் பைத் அரங்கில், கத்தார் – ஈக்வடார் ஆட்டத்துக்கு 67,372 பேர் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு அரங்குகளின் கொள்ளளவு எண்கள் திருத்தப்பட்டன. முதலில் வெளியிட்டவை தோராயமான முழு எண்கள்; போட்டிக்கு உண்மையில் பொருத்தப்பட்ட இருக்கைகள் அதிகம்.

அதே போட்டியில் இன்னொன்றையும் பார்க்கலாம். லுசைல் அரங்கில் அர்ஜென்டினா மெக்சிகோவுடன் ஆடியபோது 88,966. குரோவேஷியாவுடன் அரையிறுதி ஆடியபோது 88,966. பிரான்சுடன் இறுதி ஆட்டம் ஆடியபோதும் 88,966. எண்பத்தெட்டாயிரம் பேர் மூன்று முறையும் ஒருவர் கூடாமல், ஒருவர் குறையாமல் வந்து அமர்வது நடக்காத காரியம். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், அது இருக்கைகளின் எண்ணிக்கை என்று கொள்க.

எந்த நாட்டு வழக்கம் நேர்மையானது?

என் மதிப்பில் பிரேசில். அங்கே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காசு கொடுத்தவர்கள் எத்தனை பேர், அரங்கில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு எண்களையும், கூடவே வசூல் தொகையையும் அறிவிப்பது பழைய வழக்கம். 2003இல் இயற்றப்பட்ட ரசிகர் உரிமைச் சட்டம், இந்த விவரங்களை ஆட்டம் நடக்கும்போதே அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இத்தாலியிலும் அன்று டிக்கெட் வாங்கியவர்களையும் சீசன் டிக்கெட்காரர்களையும் பிரித்துச் சொல்வது வழக்கம். ஆனால் சீசன் டிக்கெட்காரர்களில் வராதவர்கள் அதில் கழிக்கப்படுவதில்லை.

பிரேசிலின் இரட்டைக் கணக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு 1950 ஜூலை 16 ஆட்டமே சான்று. ரியோவின் மாரக்கானா அரங்கில் உருகுவே 2–1 என்று பிரேசிலை வீழ்த்தி உலகக் கோப்பையை வென்ற அன்று, காசு கொடுத்தவர்கள் 1,73,850 பேர். மொத்தம் இருந்தவர்கள் 1,99,854 பேர் என்று குறிக்கப்படுகிறது. இடையிலுள்ள 26,004 பேர் கட்டணம் செலுத்தாமல் இருந்தவர்கள். மாரக்கானாவைக் கட்டப் பணம் திரட்டுவதற்காக நிரந்தர இருக்கைகள் முன்கூட்டியே விற்கப்பட்டிருந்தன. அவற்றின் உரிமையாளர்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்குவதில்லை. ஃபிஃபா தன் ஏடுகளில் 1,73,850ஐ எடுத்துக்கொள்கிறது; இரண்டு லட்சம் பேர் அழுதார்கள் என்று எழுதுவோர் மற்றதை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரி.

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் அறிவிக்கப்படுவது வழங்கப்பட்ட டிக்கெட்டுகளின் எண்ணிக்கை; இலவசமானவையும் அதில் உண்டு. நான் மிகக் குறைவாக நம்பும் முறை அது.

இந்தியாவில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு வந்த மிகப் பெரிய கூட்டம் எது?

கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் 1997 ஜூலை 13 அன்று நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று மோகன் பகானை வென்ற அந்த ஆட்டத்தில் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார். 1,31,781 பேர் பார்த்ததாகப் பதிவாகியிருக்கிறது. அப்போது அங்கே பெரும்பாலான பகுதி இருக்கை எண் இல்லாத காங்கிரீட் படிகள். நெருக்கி உட்கார்ந்தால் இன்னும் ஒருவருக்கு இடம் பிறந்துவிடும்.

2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக அரங்கம் முழுவதும் தனி இருக்கைகள் பொருத்தப்பட்டன. இங்கிலாந்து 5–2 என்று ஸ்பெயினை வென்ற இறுதி ஆட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட எண் 66,684. பழைய எண்ணில் ஏறத்தாழப் பாதி. ஆனால் இரண்டு ஆட்டங்களுமே நிரம்பிய அரங்கில் நடந்தவை. கொல்கத்தாவில் கால்பந்து மோகம் பாதியாகிவிட்டது என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. அந்தப் போட்டி முழுமைக்கும் வந்தவர்கள் 13,47,133 பேர். அந்த வயதுப் பிரிவு உலகக் கோப்பைகளில் அதுவரை காணாத எண்ணிக்கை அது.

ரசிகர்களே அனுமதிக்கப்படாத ஆட்டத்துக்கு எண்ணிக்கை பூச்சியமா?

பொதுவாகப் பூச்சியம் என்றே எழுதுகிறார்கள். 2020 ஜூனில் கொரோனாவுக்கு இடையே பிரீமியர் லீக் மீண்டும் தொடங்கியபோது அப்படித்தான் எழுதப்பட்டது. வீரர்கள், பணியாளர்கள், பத்திரிகையாளர்கள், காவலர்கள் ஆகியோர் எந்த ஆட்டத்திலும் பார்வையாளர்களாகக் கருதப்படுவதில்லை. விலக்கும் உண்டு. 1980 அக்டோபர் 1 அன்று, ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பைக்காக வெஸ்ட் ஹாமும் ஸ்பெயினின் கஸ்டியாவும் தண்டனை காரணமாகப் பூட்டிய அரங்கில் ஆடிய ஆட்டத்துக்கு 262 என்ற எண் பதிவாகியிருக்கிறது.

இரண்டு கிளப்புகளின் சராசரி எண்ணிக்கையை ஒப்பிட்டு எதற்கு ஆதரவு அதிகம் என்று சொல்லலாமா?

எச்சரிக்கையோடு சொல்லலாம். இரண்டு அரங்குகளும் எல்லா ஆட்டங்களிலும் நிரம்பினால், நீங்கள் ஒப்பிடுவது கட்டடங்களை. டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் தன் புதிய அரங்கம் முடியும் வரை வெம்பிளியில் ஆடியது. அங்கே 2018 பிப்ரவரியில் ஆர்சனலுக்கு எதிராக 83,222 பேர் என்று பதிவானது பிரீமியர் லீக் சாதனை. அடுத்த ஆண்டில் சொந்த அரங்குக்குத் திரும்பியதும் எண் அறுபதாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. இருபதாயிரம் ரசிகர்கள் மனம் மாறிவிடவில்லை; இருக்கைகள் இல்லை.

காலத்துக்குக் காலம் ஒப்பிடும்போது நாட்டின் மொத்தத்தைப் பார்ப்பது மேல். இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களுக்கு 1948–49 பருவத்தில் 4.13 கோடி வருகைகள் பதிவாயின. 1985–86இல் அது 1.65 கோடியாகச் சரிந்திருந்தது. இவ்வளவு பெரிய சரிவை எந்த எண்ணும் முறையின் கோணலாலும் விளக்க முடியாது. ஆயிரம் இரண்டாயிரம் வேறுபாட்டில்தான் முறையைக் கேட்க வேண்டும்.

பழைய ஆட்டம் ஒன்றுக்கு இரு இடங்களில் இரு வேறு எண்கள் கிடைத்தால் எதை எடுத்துக்கொள்வது?

இரண்டும் எதிலிருந்து எடுக்கப்பட்டவை என்று முதலில் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் 1937 ஏப்ரல் 17 அன்று ஸ்காட்லாந்து 3–1 என்று இங்கிலாந்தை வென்ற ஆட்டம் ஐரோப்பாவின் சாதனை எண்ணிக்கை என்று பெயர் பெற்றது. அதற்கு 1,49,415 என்றும் 1,49,547 என்றும் இரு எண்கள் வழங்குகின்றன. இத்தகைய இடத்தில் வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. எதை எழுதினாலும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொன்னால் போதும். அதே ஹாம்ப்டன் பார்க்கில் 1960இல் ரியல் மாட்ரிட் 7–3 என்று ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டை வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு 1,27,621 என்றும் 1,35,000 என்றும் காணப்படுகிறது. இங்கே வேறுபாடு பெரிது. பின்னது ஆயிரத்தில் முடியும் முழு எண். முன்னது ஒன்றுவரை எண்ணப்பட்டது. இந்த இரண்டில் நான் முன்னதையே எடுப்பேன். லீக் ஆட்டமானால், 1925–26க்குப் பிந்தையவற்றுக்கு லீக்கின் பதிவையும், அதற்கு முந்தையவற்றுக்குச் "சுமார்" என்ற சொல்லோடு அன்றைய உள்ளூர் நாளிதழின் எண்ணையும் பயன்படுத்தலாம்.